கோட்டு என் கையில், நாய் தெருவில்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்குத் தங்கள் மாப்பிள்ளையின் தகப்பனார் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே குளிரைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றும், தங்கள் முழங்கால் போன கடிதத்தில் எழுதியிருந்ததைவிட இப்போது கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது என்றும் நம்புகிறேன். என் வீட்டுக்காரி குளிர் ஆகாது என்று பெரிய மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். புத்திசாலி.

அடுத்த மாதம் பிள்ளைகள் வீட்டில் தங்குகிற என் முறை முடிந்து தங்கள் முறை தொடங்குகிறது. தாங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் இந்த வீட்டைப் பற்றிச் சில விஷயங்களைத் தங்கள் காதில் போட்டுவைப்பது என் கடமை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் நல்லது. நான் சுலபத்தில் அதிர்ச்சி அடைகிற ஆள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். சர்வீஸ் முழுவதும் சிமெண்டு ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். புகைபோக்கியில் ஏறப்போகிறவனுக்கு இடுப்பு வாரை மாட்டி, கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, "ம், ஏறு" என்று சொன்னால்தான் அவன் ஏறலாம். பாய்லர் வெடித்த அன்றைக்கும் நான் டீ டம்ளரை நிதானமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் ஓடினேன். அப்படிப்பட்டவன் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து அதிர்ந்துகொண்டே இருக்கிறேன் சம்பந்தி.

வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. வாசலுக்கு உள்பக்கம் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். என் மேல்கோட்டை மாட்டலாம் என்று பார்த்தால் ஒரு கொக்கிகூடக் காலியில்லை. எல்லாவற்றிலும் சின்னச்சின்னச் சட்டைகள். ஒன்று கம்பளி, ஒன்று பஞ்சு வைத்துத் தைத்தது, ஒன்று மழைக்கு, ஒன்றில் காலர் வைத்து, ஒன்றில் இருட்டில் மினுங்குகிற பட்டை வைத்து. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முதுகு, விரல் நீளத்துக்கு ஒரு கை. எனக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. பையனும் மருமகளும் என்னிடம் சொல்லாமல் ஒளித்துவைத்து, நேரில் காட்டிச் சந்தோஷப்படுத்தலாம் என்று இருக்கிறார்கள், பேரனோ பேத்தியோ வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. உங்கள் மகளைப் பார்த்து, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டேன். அவள், "மாசமா? ரெண்டு வயசாச்சு மாமா" என்று சொல்லி, சோபாவுக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்து என் கையில் கொடுத்தாள். அது நாய். பெயர் பொத்தான். ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவு இருக்கும். முழுக்க முழுக்கக் கண். சுவரில் தொங்குகிற அத்தனையும் இதன் குளிர்காலத்து உடுப்பாம். "தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு" என்று வேறு அதனிடம் சொன்னாள். நான் பிரயாணக் களைப்பு என்று சொல்லிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பையன் ஆபீஸ் வேலையாக வெளியூர் கிளம்பிவிட்டான். மருமகள் காலையில் கம்ப்யூட்டர் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். தங்கள் மகள் எவ்வளவு பெரிய கம்பெனியில் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருக்கிறாள் என்று நான் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் நானே சொல்லியிருக்கிறேன். அவளுடைய விசிட்டிங் கார்டு ஒன்று என் பர்சில் எப்போதும் இருக்கும், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடக் காட்டியிருக்கிறேன். ஆக, பகலில் நாயை வெளியே நடத்திக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

இதைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் தாங்களும் செய்யப்போகிறீர்கள். முதலில் ஹார்னஸ். கழுத்தில் பட்டை போட்டு இழுத்தால் பொத்தானுக்கு இருமல் வருமாம், ஆகையால் நெஞ்சையும் முதுகையும் சுற்றி ஒரு வார். அதற்கு மேல் கோட்டு. கோட்டின் முதுகில் சட்டைப் பொத்தான் துளை மாதிரி ஒரு சின்னப் பிளவு இருக்கும். வாரில் இருக்கிற இரும்பு வளையத்தை அந்தப் பிளவு வழியாக வெளியே இழுத்து, அதில்தான் கயிற்றின் கொக்கியை மாட்ட வேண்டும். மருமகள் ஒரு தடவை செய்து காட்ட ஆரம்பித்தாள். நான் பாதியிலேயே நிறுத்தி, "வார் மாட்டுறதை எனக்குச் சொல்லித் தரவேண்டாம்மா, நான் ஆயிரம் பேருக்கு மாட்டிவிட்டவன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆயிரம் பேரும் இரண்டு காலில் நின்றவர்கள், மாட்டும்போது என் மூக்கை நக்காதவர்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் நான் தலையை நுழைக்க வேண்டிய ஓட்டையில் காலையும் காலை நுழைக்க வேண்டிய ஓட்டையில் தலையையும் நுழைத்துவிட்டேன். நாய் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவிழ்த்து மறுபடி போட்டேன். வயிற்றுக்கடியில் ஓர் ஒட்டுப்பட்டி, பிரித்தால் பர்ரென்று சத்தம் வருமே, அந்த ரகம். அது என் கம்பளிச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. நானும் நாயும் சேர்ந்தே எழுந்து நின்றோம். அதையும் பிரித்து ஒருவழியாகப் போட்டு முடித்து, "வாடா" என்றால் அது வரவில்லை. அசையவே இல்லை. கண்ணை இமைக்கவில்லை. விறைத்துப்போய் மரத்தில் செதுக்கினது மாதிரி நிற்கிறது. லேசாகத் தொட்டேன், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மார்வாரை இறுக்கி மூச்சை நிறுத்திவிட்டேன் என்றே முடிவு பண்ணிவிட்டேன். மருமகளுக்கு போன் போட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அம்மா, மனசைத் திடப்படுத்திக்கோ" என்று ஆரம்பித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் அப்படித்தான் நடிப்பான், கதவைத் திறந்தால் சரியாகிவிடும் என்றாள். கதவைத் திறந்தேன். செத்த நாய் என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கியது.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பினால் மாமா சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பதற்கு முன்னால் வருகிற கேள்வி, "அக்குள்ல உரசுச்சா மாமா?" என்பது. முதல் நாள் நான் என் அக்குளைச் சொல்கிறாள் என்று நினைத்து, "எனக்கு ஒண்ணும் உரசலம்மா, நல்லா இருக்கேன்" என்றேன். பிறகுதான் தெரிந்தது. முன்னங்காலை நன்றாக நீட்டி வைத்தானா, காலர் காதில் இடித்ததா, ஒன்றுக்குப் போகும்போது நனைந்ததா, இத்தனையும் நான் சொல்ல வேண்டும். தினம் ஒரு கோட்டு எடுத்து வைத்துவிட்டுப் போவாள், "இன்னைக்குச் சாம்பல் கலர் மாமா" என்று. நான் சர்வீஸில் இருந்தபோது மந்திரி வந்த அன்றைக்குக்கூட எனக்கு யாரும் உடுப்பு எடுத்து வைத்ததில்லை. இவ்வளவு படித்து இவ்வளவு பொறுப்பில் இருக்கிற பெண்ணுக்கு ஏன் இப்படி ஆகிவிட்டது, வேலைப் பளுவில் மூளை குழம்பிவிட்டதோ என்று எனக்கு உள்ளூரக் கவலை. தங்களுக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன். நாய்க்கோ வேறு கவலை. மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு முனகல். வெளியே போனால் தெருமுனையில் இடதுபக்கம் இழுக்கும். பூங்கா இருப்பது வலதுபக்கம். தினமும் அந்த முனையில் எனக்கும் அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும், கடைசியில் நான் தூக்கிக்கொண்டு வலதுபக்கம் போவேன்.

போன செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. அன்றைக்கு ராத்திரியெல்லாம் பனி பெய்து நடைபாதை கண்ணாடி மாதிரி இருந்தது. மருமகள் புதுக் கோட்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தாள், செங்கல் நிறம், உள்ளே மெத்து மெத்தென்று. நான் இப்போது தேர்ந்தவன் அல்லவா, மளமளவென்று வாரைப் போட்டேன், கோட்டைப் போட்டேன், ஒட்டுப்பட்டியை ஒட்டினேன். பிடரிப் பக்கம் கோட்டின் மேலேயே கச்சிதமாக ஒரு துணி வளையம் இருந்தது. அடடா, பிளவுக்குள் விரலை விட்டுத் துழாவுகிற தொல்லை இல்லாமல் மேலேயே வளையம் வைத்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டு அதில் கொக்கியை மாட்டினேன். பழக்கப்படி ஒரு தடவை இழுத்தும் பார்த்தேன். உறுதியாகத்தான் இருந்தது. அது கோட்டைச் சுவரில் தொங்கவிடுவதற்காக வைத்த வளையம் என்று எனக்கு எப்படித் தெரியும் சம்பந்தி? நீங்களே சொல்லுங்க.

தெருமுனைக்குப் போனோம். அது இடதுபக்கம் இழுத்தது, நான் வலதுபக்கம் இழுத்தேன். அது உட்கார்ந்தது. நான் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அது தலையைக் குனிந்து, காதை மடித்து, பின்பக்கமாக இரண்டு அடி வைத்தது. பர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கயிற்றின் ஒரு முனையில் நான், மறு முனையில் கோட்டு. உள்ளே இருந்த நாய் வெளியே நின்று வெறும் வாரோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இடதுபக்கத் தெருவில் ஓட ஆரம்பித்தது. எத்தனை உயரத்தில் எத்தனை பேரைத் தொங்கவிட்டிருக்கிறேன், ஒருத்தன் என் கொக்கியிலிருந்து விழுந்ததில்லை. ஒரு ரொட்டிப் பொட்டலம் கழன்றுபோச்சு.

ஓட முடியுமா அந்தப் பனியில்? பையனுடைய பெரிய கோட்டு முழங்கால் வரைக்கும் தடுக்குது, குரங்குக் குல்லா கண்ணு வரைக்கும் இறங்குது, நான் முட்டை மேல நடக்கிறவன் மாதிரி ஒவ்வொரு அடியா வைக்கிறேன். கயிற்றைச் சுருட்டி வைக்கணும்னுகூடத் தோணல. கோட்டு என் பின்னாலேயே தரையில இழுபட்டுக்கிட்டு வருது. எதிரே வந்தவங்க எல்லாம் என்னையும் பார்த்து, கயிற்றையும் பார்த்து, கோட்டையும் பார்த்து, ரொம்ப மென்மையா ஒதுங்கி வழி விட்டாங்க. ஒரு பெரியவர் குல்லாவைக் கழற்றி நெஞ்சில வெச்சுக்கிட்டார், நாய் செத்துப்போச்சு, துக்கம் தாங்காம இவன் இப்படித் திரியறான்னு நினைச்சிருப்பார். தள்ளுவண்டியில குழந்தையை வெச்சுக்கிட்டு வந்த ஒரு அம்மாகிட்ட நாயைப் பார்த்தீங்களான்னு கேட்டேன். என்ன கோட்டுப் போட்டிருந்ததுன்னு கேட்டாங்க. இந்தக் கோட்டுன்னு காட்டினேன். அப்போ அது மேல என்ன இருக்குன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லேன்னேன். இந்தக் குளிர்ல ஒரு சின்ன உசிரைக் கோட்டு இல்லாம வெளியே கூட்டிட்டு வரலாமா, உங்களுக்கு மனசாட்சி இல்லையான்னு அவங்க என்னைத் திட்ட ஆரம்பிச்சாங்க. நாய்க்குக் கோட்டு எதுக்குன்னு ஊரெல்லாம் கேலி பேசினவன், நடுத்தெருவில நின்னு, "போட்டுத்தான்மா கூட்டிட்டு வந்தேன், சத்தியமா போட்டேன்"னு கெஞ்சினேன்.

நல்லவேளையாகப் பழக்கடைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். ரொம்பத் தெரிந்த இடத்துக்குப் போகிற மாதிரி நேராகப் போய், சலவைக்கடை வாசலில் நிற்கிறது என்று கை காட்டினார். பார்த்தால், ஆமாம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஆவி, கதவுக்கு வெளியே பின்னங்காலில் நின்றுகொண்டு பொத்தான் முன்னங்காலால் கதவைத் தட்டுகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் சலவைக்கடை அம்மா கதவைத் திறந்து, "என்னடா, இத்தனை நாளா எங்கே போனே?" என்று உள்ளே விட்டுவிட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். யார் நீங்கள் என்று கேட்டார். நாயைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "நான் அதோட தாத்தா."

அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அட, தையல்காரம்மாவோட மாமனாரா? உள்ளே வாங்க, உள்ளேதான் இருக்கு" என்றார்.

சம்பந்தி, இந்த இடத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.

நான் என்ன நினைத்தேன் என்றால், இந்த அம்மாள் வேறு யாருடனோ என்னைக் குழப்பிக்கொள்கிறார், வேறொரு தையல்காரம்மாவுக்கு இதே மாதிரி வேறொரு நாய் இருக்கிறது, நான் யார் வீட்டு நாயையோ துரத்தி வந்திருக்கிறேன் என்று. இஸ்திரி போட்டு அடுக்கிய துணிமூட்டைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து பின்னறைக்குப் போனேன். சன்னலோரம் ஒரு தையல் மிஷின். மேஜை முழுக்கத் துணி. சுவரெல்லாம் சின்னச்சின்னக் கோட்டுகள், எங்கள் வீட்டுக் கொக்கியில் இருப்பதைப்போல பத்து மடங்கு. மிஷின் முன்னால் கழுத்தில் அளவு நாடா தொங்க, வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, மடியில் பொத்தானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் உங்கள் மகள். பெரிய கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறவள். அந்த நேரத்தில் அங்கே கண்ணாடிக் கட்டடத்தில் மீட்டிங்கில் இருக்க வேண்டியவள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வாயில் ஊசி இருப்பதால் பேசவும் முடியவில்லை. என் வாய் பழைய சர்வீஸ் பழக்கத்துக்கே போய்விட்டது.

"முதல்ல வாயில இருக்கிற ஊசியை எடுத்துக் கீழே வைம்மா. விழுங்கிட்டா என்ன ஆகும்? அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மேஜை விளிம்பில் திறந்தபடி கிடந்த பெரிய கத்தரிக்கோலை நான் மடக்கி நடுவே தள்ளி வைத்தேன். மிஷினுக்கு ஊசிக் காப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. தரையில் சுருண்டு கிடந்த மின்கம்பியை ஓரமாகத் தள்ளினேன். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஒரு துணிமூட்டை மேல் உட்கார்ந்தேன். அப்போது அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்து ஏதோ ஒன்று, எனக்குச் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"மழைக்காலத்துக்கு முன்னாடியே ஆபீஸ்ல என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க மாமா. எங்க பிரிவையே மூடிட்டாங்க."

அப்படியானால் தினம் காலையில் மாட்டிக்கொண்டு போகிற அந்தப் பை? அதில் கத்தரித்த துணியாம். வேலை போன புதிதில் ஒன்றும் ஓடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, குளிரில் நடுங்குகிறதே என்று பொத்தானுக்கு ஒரு கோட்டுத் தைத்திருக்கிறாள். கடையில் விற்கிறதெல்லாம் ஹார்னஸுக்கு இடமே விடாமல் தைத்தது, கோட்டைப் போட்டால் வாரைப் போட முடியாது, வாரைப் போட்டால் கோட்டு முதுகில் கூடாரம் அடிக்கும். இவள் வளையத்துக்குப் பிளவு விட்டுத் தைத்ததைப் பூங்காவில் ஒருவர் பார்த்து எனக்கும் ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். இப்படியே போய், சலவைக்கடைப் பின்னறை வரைக்கும் வந்துவிட்டது. பொத்தான்தான் எல்லாக் கோட்டுக்கும் அளவு நின்றவன். தினமும் கூடவே வந்து மேஜைக்கடியில் படுத்திருப்பானாம். நான் வந்த பிறகு ஆபீஸுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாளே என்று நான் கேட்பேன் என்பதால் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அது கதவில் மூக்கை வைத்து முனகினது, வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருக்க இஷ்டமில்லாமல்தான்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நாயின் காதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என் கார்டைப் பர்ஸ்ல வெச்சிருக்கீங்க மாமா. எல்லார்கிட்டயும் காட்டறீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அது உண்மைதான். புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவர்…" என்று ஆரம்பித்து, பொத்தானின் வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பாவம் என் பிள்ளை, ஒன்றும் அறியாதவன், எங்கேயோ வெளியூரில் கம்பெனிக்கு உழைத்துக்கொண்டிருக்கிறான், இங்கே பெண்டாட்டி நாய்க்குச் சட்டை தைக்கிறாள்.

அப்புறம் என் கையில் இருந்த செங்கல் நிறக் கோட்டைப் பார்த்து, இது எப்படிக் கழன்றது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். நான் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவளோ அந்தத் துணி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீங்க பண்ணின தப்பில்ல மாமா, நான் வெச்சது தப்பு" என்று கத்தரிக்கோலை எடுத்துக் கரக்கென்று வெட்டிவிட்டாள். சுவரில் இருந்த மற்றக் கோட்டுகளிலும் வெட்டினாள். எனக்கு உள்ளுக்குள்ளே ஏதோ நிமிர்ந்தது. தாங்கும் வளையம் எது, தொங்கும் வளையம் எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவசரத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு முதலில் படுகிற வளையம்தான் தாங்குகிற வளையமாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். எங்கள் ஆலையில் இதையே சொல்லும்போது எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். இவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சலவைக்கடை அம்மா சூடாக டீ கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். நான்கைந்து கோட்டுகளைப் பொத்தானுக்குப் போட்டு, எது கழல்கிறது, எது கழலவில்லை என்று இழுத்துப் பார்த்தோம். நான் தப்பாக மாட்டுகிற ஒவ்வொரு விதத்தையும் அவள் கவனித்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் எனக்குச் சரக்குக் குறைவே இல்லை. தையல் நன்றாக இருக்கிறது சம்பந்தி. உள்பக்கத்து விளிம்பைக்கூட மடித்துத்தான் தைக்கிறாள். நான் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன்.

கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பாகிட்ட இதைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்க மாமா" என்று. நான் தலையில் கை வைத்து, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று வாக்குக் கொடுத்தேன். வரவும் இல்லை. எழுதுகிற கை வேறு, பேசுகிற வாய் வேறு. மேலும், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? தாங்கள் வந்து இறங்கியதும் முதல் வேலையாக, ஆபீஸ் எப்படி அம்மா, பதவி உயர்வு எப்போது என்று கேட்பீர்கள். அந்தப் பெண் முகம் வெளுத்துப்போவதை நான் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே என் வேண்டுகோள். தாங்கள் ஒன்றும் தெரியாதவராக வரவும். ஆபீஸ் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். சுவரில் தொங்கும் கோட்டுகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எத்தனை மாசம் என்றும் கேட்க வேண்டாம். மகள் தானாக ஒருநாள் சொல்லும்போது கொஞ்சம்போல அதிர்ச்சி அடைந்துவிட்டு, உடனே தையலைப் பாராட்டிவிடவும். தங்களுக்கு நெஞ்சு அடைக்கும் என்பது தெரியும். பெற்று, படிக்கவைத்து, அத்தனை பெரிய கட்டடத்தில் வேலைக்கு அனுப்பினவர். எனக்கே அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு பொத்தானையும் கூட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் மாமா" என்று கிளம்பியபோது, இருவரும் இடதுபக்கம் திரும்பிப் போவதைச் சன்னலில் நின்று பார்த்தேன். ஆபீஸுக்குப் போகிறேன் என்று கிளம்பிய நாட்களில் அவள் அப்படி உற்சாகமாக நடந்து நான் பார்த்ததில்லை. பர்சில் இருக்கிற கார்டை எடுத்து என்ன செய்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

சம்பந்தியம்மாவிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல்லவும், அல்லது சொல்லாமலே விடவும், தங்கள் இஷ்டம். வரும்போது கனமான காலுறைகள் கொண்டுவரவும். தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எல்லா நலமும் பெருகட்டும், தங்கள் முழங்கால் இந்த ஊர்ப் பனியைத் தாங்கட்டும் என்று மனமார வேண்டிக்கொண்டு நிறுத்திக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எங்கே இருக்கிறது என்று மருமகளைக் கேட்டேன். அவள் உறைமேல் இருந்த விலாசத்தைப் பார்த்தாள், உறையின் கனத்தைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். தங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். தெரிவது என்ன, நிலம் அளந்து வரைபடம் போட்டே ஓய்வுபெற்ற தாங்கள்தான் இப்போது நாய்களின் முதுகுக்கும் வரைபடம் போட்டு, சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று தபாலில் அனுப்புகிறீர்களாம். உள்ளே வைக்கிற மெத்துத் துணியை என் வீட்டுக்காரி பெரியவள் வீட்டிலிருந்து பார்சல் போடுகிறாளாம். ஒன்றும் அறியாத என் பிள்ளை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வெளியூரில் ஏதோ கண்காட்சியில் மேஜை போட்டு நின்று கோட்டு விற்றுக்கொண்டிருக்கிறானாம். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று அவள் என்னிடம் கேட்டதுகூட, தங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தால் நான் மனம் நோவேன் என்பதற்காகவாம். ஆக, இந்தக் குடும்பத்தில் இரண்டு கால்காரர்களில் தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். இத்தனை பக்கம் எழுதியது அத்தனையும் வீண். ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, எனக்கும் எழுதி எழுதிக் கை வலிக்கிறது, ஆகையால் அனுப்புகிறேன். ஒரே ஒரு உபகாரம் செய்யுங்க சம்பந்தி. பதில் எழுதும்போது இரண்டு வரியாவது, இதைப் படித்துவிட்டு அப்படியே அதிர்ச்சியில் உறைந்துபோய்விட்டேன் என்று எழுதுங்கள். அதை இங்கே எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.